பதினான்காம் எண் செல்வராஜ்

8 அக்டோபர் 2007, திங்கள்

உறுதியானது: மருந்தடி மனு மீதான விசாரணை 22-ஆம் தேதி, திங்கள், காலை பதினொரு மணி. ஆதாரம்: கோட்டாட்சியர் அலுவலகத் தலைமை எழுத்தர், நேரில். நோட்டீஸையும் கண்ணால் பார்த்தேன்.

விடிந்ததிலிருந்து மழை. குடையில் ஒரு கம்பி போயிற்று. செண்பகனூர் வரை டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன்.

விவகாரம் செய்தியில் ஒரே பத்திக்குள் அடங்க வேண்டும். இங்கே எழுதிப் பார்க்கிறேன். கீழ்மலையில் ஓர் எஸ்டேட். காப்பி, ஆரஞ்சு. முதுகில் டப்பா மாட்டிப் பூச்சி மருந்து அடிக்கிறவர்கள் எல்லாரும் சிலோனிலிருந்து வந்த குடும்பத்தினர். சிலருக்குக் கை நடுக்கம், மூச்சு முட்டல். ராசம்மா என்ற விதவை மனு கொடுத்திருக்கிறார்: மகனை மருந்தடியிலிருந்து மாற்றி வேறு வேலை தர வேண்டும். எஸ்டேட் மறுக்கிறது. மருந்தடிக்க மாட்டேன் என்றால் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டு. பேர் வெட்டினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மனு ஏற்கப்பட்டால் மருந்தடிக்கிற எல்லாருக்குமே வழி பிறக்கும்.

எஸ்டேட் தரப்பில் கோயம்புத்தூர் நிபுணர் ஒருவரின் அறிக்கை. சாரம்: அதிக வருடம் மருந்தடித்தவர்களே குறைவாக நோய்ப்படுகிறார்கள், ஆகவே மருந்தால் கெடுதல் இல்லை. தலைமை எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது: “கணக்கே சொல்லுது சார், நாம என்னத்தச் சொல்ல?”

வீட்டில் சமையலறைக் கூரை ஒழுக்கு. தங்கம் குண்டான் வைத்திருக்கிறாள். மனைவியின் பார்வையே ஒரு மனு.

9 அக்., செவ்வாய்

மழை இல்லை, மூட்டம். பகலிலும் விளக்கு.

கஸ்தூரியிடம் பேசினேன். திண்டுக்கல்லில் புள்ளியியல் பேராசிரியர். தொழிலாளர் தரப்புக்காக அதே எஸ்டேட் பதிவுகளை வைத்து வேறு கணக்குப் போடுகிறார். செல்லுக்கு சிக்னல் மாடிப்படியின் மூன்றாவது படியில்தான். அங்கேயே உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்:

ஒவ்வோர் ஆளும் மருந்தடியில் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார் என்பதே தரவு. உடம்பு முடியாமல் வேலையை விட்டு நிற்பது நிகழ்வு. இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு நிகழ்வு இதுவரை வரவில்லை, அவ்வளவுதான். அவர்களையும் விடாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது வரை சரி. அடுத்ததுதான் சிக்கல். ஒரே மருந்து, ஒரே வேலை. ஆளுக்கு ஆள் தாங்குகிற சக்தி வேறு. அதை யாரும் அளந்து வைக்கவில்லை. அளக்காததால் இல்லாமல் போய்விடாது. எனவே ஒவ்வோர் ஆளுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்த எண்கள் ஆட்களிடையே எப்படிப் பரவியிருக்கும் என்பதைத் தரவிலிருந்தே மதிப்பிடுகிறார். ஃப்ரெயில்ட்டி என்றார். நலிவு என்று எழுதிக்கொண்டேன். நலிந்த உடம்புக்காரர்கள் முதலில் கழன்றுவிடுவார்கள். மிஞ்சுவது கெட்டி உடம்புகள். மிஞ்சியவர்களை மட்டும் பார்த்தால், வருடம் ஏற ஏற மருந்து நல்லது செய்வது போலவே தெரியும். கோயம்புத்தூர்க்காரர் பார்த்தது அதைத்தான்.

“புரிஞ்சுதா சார்?” புரிந்தது என்றேன். போனை வைத்ததும் புரியவில்லை.

மூன்று முறை எழுதினேன். மூன்றும் பாடப் புத்தகம் போல. கிழித்தேன்.

தங்கம் பீன்ஸ் ஆய்ந்துகொண்டே என் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தை மாதம் அண்ணன் வீட்டாரோடு திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியவள். “அடிவாரத்துல டிவிக்காரங்க மைக்க நீட்டி, இம்புட்டுத் தூரம் நடந்தீங்களே கால் வலிக்கலயான்னு கேட்டிருக்காங்க. ஒருத்தரும் வலிக்குதுன்னு சொல்லலையாம். நான் ஒட்டன்சத்திரத்துலயே பஸ் ஏறிட்டேன். என்னைய எவன் கேட்டான்?”

இரண்டு நாளாகத் தேடியது பீன்ஸ் முறத்தில் கிடந்தது. அப்படியே செய்தியின் முதல் பத்தி ஆக்கினேன்.

10 அக்., புதன்

பிரவுசிங் சென்டரில் இரண்டு முறை கரண்ட் போயிற்று. ஒரு வழியாக மதுரைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. மாலையில் செய்தி ஆசிரியர் போன். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர். இன்றும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார், வெட்டும்போது இன்னும் அன்பாக.

“அண்ணே, பாதயாத்திரையத் தொட வேணாம்ணே. முருகன் கோயில் சமாச்சாரம். காலையில போன் மேல போன் வரும்.”

சரி என்றேன்.

“நலிவு கிலிவுன்னு ஒண்ணு வருது. அதையும் எடுத்துடுறேன்.”

அதையும் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன்.

“நியூஸ் மிஞ்சும்ணே.”

கேஸ் சிலிண்டர் வரவில்லை. கூரைக்கு ஆளும் வரவில்லை.

11 அக்., வியாழன்

தலைப்பு: “நீண்ட காலம் மருந்தடித்தவர்களுக்கே ஆரோக்கியம்: ஆய்வில் தகவல்.” கஸ்தூரி கடைசி வரியில் வருகிறார். “மறுத்தார்.” ஏன் மறுத்தார் என்பது இல்லை.

ஏழு மணிக்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அது இன்னும் மோசம். மாணவர்களிடம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் குரல். என்ன நடந்தது என்று சொன்னேன். கொஞ்சம் இறங்கி வந்தார். பிறகு ஒரு வேலை கொடுத்தார்.

அவருடைய பட்டியலில் பதினான்காம் எண், பெயர் செல்வராஜ். இருபது வருடத்துக்கு மேல் மருந்தடி. வேலையை விட்டு நின்றதே இல்லை. கோயம்புத்தூர் அறிக்கையின் நாயகர். கஸ்தூரியின் கணக்கும் எல்லாரையும் விடக் குறைந்த நலிவை இவருக்குத்தான் தருகிறது. ஆனால் நடுவே இரண்டு இடைவெளிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அரை நாள் வேலை அடிக்கடி, பிறகு மாதக்கணக்கில் ஆளே இல்லை. திரும்பி வந்ததும் முழு வேகம்.

“உடம்பு முடியாமப் போனவர் இப்படித் திரும்பி வர மாட்டார் சார். அவர் மாதிரி இன்னும் சிலர் இருக்காங்க. எழுத்துல பாத்தா எனக்கு ஒட்ட மாட்டேங்குது. ஆளைப் பாத்துட்டு வாங்களேன்.”

13 அக்., சனி

நேற்று முழுக்க மழை, போக முடியவில்லை. இன்று கீழ்மலை. இரண்டு பஸ் மாறி, மீதி நடை. அட்டை இரண்டு கடித்தது, சாக்ஸில் ரத்தம்.

காலையில் ஆள் கூட்டிப் பேர் போடும் இடத்தை அங்கே பெரட்டு என்கிறார்கள். சிலோன் தோட்டத்துச் சொல். அந்தக் கொட்டகைத் தூணில் என் செய்தியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டியவர் கணக்கப்பிள்ளை, மேனேஜர் சொல்லி. லயத்து வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மருந்தடிச்சா ஆயுசு கெட்டின்னு எழுதின மகராசா நீங்கதானா? வாங்க. ஒரு டப்பா மாட்டி விடுறோம், ஒங்களுக்கும் ஆயுசு கூடட்டும்.”

வழி கேட்டேன். ராசம்மா வீட்டைக் காட்டினார்கள்.

ராசம்மாவுக்கு ஐம்பது இருக்கும். குறைவாகப் பேசுகிறவர். டீ கொடுத்தார். பதினான்காம் எண் செல்வராஜைப் பார்க்க வேண்டும் என்றேன். வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

“எந்தச் செல்வராசு சார்? செத்தவரா, நிக்கிறவரா?”

ராசம்மா அவரை முறைத்தார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். கப்பலில் வந்து இறங்கிய குடும்பத்தில் எஸ்டேட்டில் பேர் பதிந்தது மூத்தவர் செல்வராஜுக்கு. வீடு அந்தப் பேருக்கு. அவர் மூச்சு முட்டிப் படுத்ததும், அவருடைய தம்பி, ராசம்மாவின் கணவர் ஆறுமுகம், அதே பேருக்குப் பெரட்டில் போய் நின்றார். ஆறுமுகம் கை நடுங்கி, கால் இழுத்து, இறந்தார். அதன் பிறகு மகன் ரவீந்திரன் போய் நிற்கிறான். மூவரும் செல்வராஜ். மனுவில் மகனின் பேரை எழுதாமல் ‘என் மகன்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார், எஸ்டேட்டும் இதுவரை கேட்கவில்லை. எஸ்டேட்டுக்குப் புது ஆளைப் பதிய வேண்டியதில்லை. குடும்பத்துக்கு வீடு தங்கும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். மேனேஜர் வந்து சில மாதம்தான், அவருக்குத் தெரியாது. இந்த ஒரு வீட்டில் மட்டும் இப்படி இல்லை.

“ஆளு விழுந்தா இன்னொரு ஆளு நிக்கலாம் சார். பேரு விழுந்தா நாங்க எங்கிட்டுப் போய் நிக்கிறது?”

பேப்பரில் போடக் கூடாது என்றார். அந்த டீச்சரம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

ரவீந்திரன் வேலை முடிந்து வந்தான். நல்ல உயரம், சிரித்த முகம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “டீ சூடு சார்” என்றான். அதே பானையில் எனக்கு ஊற்றியது ஆறிப்போயிருந்தது. அவன் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

14 அக்., ஞாயிறு

வெயில். கம்பளி எல்லாம் மாடியில். மூன்றாவது படியில் உட்கார்ந்து கஸ்தூரியிடம் சொன்னேன்.

“மூணு பேரா?”

மூன்று பேர்.

“ஆளுக்கு ஒரு நலிவுன்னு வச்சேன் சார். எல்லாரையும் விடக் கெட்டின்னு கம்ப்யூட்டர் சொன்ன ஆள், ரெண்டு பேர் விழுந்து மூணாவது ஆள் நிக்கிற எடம்.”

இனி என்ன என்று கேட்டேன். சொன்னதைச் சுருக்கினால்: பழைய கணக்கில் மருந்தால் கெடுதல் உண்டு என்று வருகிறது, ஆனால் பலவீனமாக. விழுந்தவர்களை நிற்பவர்களாக எண்ணியதால் வந்த பலவீனம் அது. ஆட்களைப் பிரித்துப் போட்டால் முடிவு வலுக்கும் என்று நினைக்கிறார். போட்டுப் பார்க்காமல் சொல்ல மாட்டார். போட வேண்டுமானால் எந்த வீட்டில் எப்போது ஆள் மாறியது என்று தெரிய வேண்டும். அதை வீட்டுக்காரர்கள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பேர் வெட்டு. தவறு என்று தெரிந்த பிறகு பழைய கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்.

ஆக, சரியானதைச் சொல்ல முடியாது, சொல்ல முடிந்தது சரியில்லை. முப்பது வருடமாக யாரும் தகவல் தராததுதான் என் தொல்லை. இப்போது தகவல் கையில் இருக்கிறது.

16 அக்., செவ்வாய்

உறுதியானது: எஸ்டேட் தரப்பின் முதல் சாட்சி செல்வராஜ், எண் 14. ஆதாரம்: தலைமை எழுத்தர், சாட்சிப் பட்டியல்.

திரும்பத் திரும்பப் படித்தேன். அதே பெயர்தான்.

மூஞ்சிக்கல் டீக்கடையில் கணக்கப்பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டார். இந்தக் குளிரிலும் வேர்வை. குரலைத் தாழ்த்தித் திட்டினார்.

“நல்லா எழுதுனீங்க போங்க. மேனேஜரு ஒங்க பேப்பர மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டுத் திரியிறாரு. இருவது வருசம் மருந்தடிச்சவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், அவன நேர்ல காட்டுவோம்கறாரு. நான் எந்தச் செல்வராச சார் காட்ட?”

இருப்பவரையே காட்டுங்கள் என்றேன்.

“வெளாடுறீங்களா. பேரு பதிஞ்ச வருசம் அவன் பொறக்கவே இல்ல.”

வயசுக்குத் தோதாக ஓர் ஆளை வெள்ளகவி கிராமத்தில் பார்த்து வைத்திருக்கிறாராம். மருந்து டப்பாவைத் தொட்டே இராதவர், கெட்டி உடம்பு. “ஒத்தையடிப் பாதையில ஏறி வரணும். மழையா வேற கெடக்கு.” டீக்குக் காசு கொடுக்காமல் போய்விட்டார். நான் கொடுத்தேன்.

செய்தி ஆசிரியர் வெட்டினார், மேனேஜர் நம்பினார், இப்போது வெள்ளகவியிலிருந்து ஒரு செல்வராஜ் ஏறி வருகிறார்.

18 அக்., வியாழன்

ராசம்மா மதிய பஸ்ஸில் வீட்டுக்கே வந்துவிட்டார். சேலை ஓரம் நனைந்திருந்தது. தங்கம் காப்பி போட்டு, கூரை ஒழுக்கைக் காட்டி, அரை மணிக்குள் சிநேகிதம் ஆகிவிட்டாள்.

நிலைமை: வெள்ளகவிக்காரர் சாட்சிக் கூண்டில் நின்றால் மனு அங்கேயே செத்தது. ரவீந்திரன் தானே செல்வராஜ் என்று சத்தியம் செய்துவிடுகிறேன் என்கிறானாம். இத்தனை வருடம் அந்தப் பேருக்குத்தானே ஆஜர் சொன்னேன், இன்னொரு நாள் சொன்னால் என்ன என்று. பிடிபட்டால் ஜெயில். உண்மையைச் சொன்னால் பேர் வெட்டு.

“பேரச் சொல்லாம அந்தம்மா கணக்குல ஜெயிக்க ஏலாதா சார்?”

போன் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன், மூன்றாவது படியில் நிறுத்தி. கஸ்தூரி பொறுமையாகச் சொல்வது எனக்கும் கேட்டது. ஆளை விட்டுவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் ஒரே சோறு, ஒரே ரத்தம்; அந்த வீட்டுக்கே சேர்த்து ஒரு நலிவு. அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் மருந்துக்குப் போனார்கள், யார் எவ்வளவு காலம் நின்றார்கள் என்று மட்டும் போதும். பெயர் வேண்டாம். ஆனால் எந்த வீடு என்று எதிர்த் தரப்பு கேட்கும். கேட்டால் யாராவது எழுந்து பதில் சொல்ல வேண்டும்.

ராசம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஒரு வீடு சொன்னா பேர வெட்டுவாங்க. எல்லா வீடும் சொன்னா யார வச்சு மருந்தடிப்பாங்க?” நான் பதில் சொல்வதற்குள் அவரே: “எல்லா வீடும் சொல்லாது சார். எனக்குத் தெரியாதா.”

“கேட்டுத்தான் பாரேன் தாயி” என்றாள் தங்கம்.

நான்கு மணி பஸ். என் குடையைக் கொடுத்தனுப்பினேன், கம்பி போனதை.

19 அக்., வெள்ளி

செய்தி ஆசிரியர், மேனேஜர் அனுப்பிய குறிப்பைப் பார்த்துவிட்டு: “அண்ணே, அந்த செல்வராஜ் சூப்பர் ஆளா இருக்காரே. என்ன சாப்பிடுறாரு, எத்தன மணிக்கு எந்திரிக்கிறாருன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டோவோட அனுப்புங்க.”

ஆள் கிடைக்கவில்லை என்றேன். பொய் இல்லை.

எனக்குத் தெரிந்தது, போட முடியாதது: மூன்று செல்வராஜ், வெள்ளகவி, டம்ளரைப் பிடித்த இரண்டு கை.
போட முடிந்தது, எனக்கு உடன்பாடில்லாதது: ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

சிலிண்டர் வந்தது.

20 அக்., சனி. ஆயுத பூஜை

பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு மானிட்டர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். தொடக் கூடாது என்றார்கள். பொரி கொடுத்தார்கள்.

கீழ்மலைக் கடையிலிருந்து ரவீந்திரன் பேசினான். மருந்து டப்பாக்களுக்கும் பொட்டு வைத்துப் பூ போட்டிருக்கிறார்களாம்.

“இன்னைக்கு டப்பாவுக்கு லீவு சார். அம்மாவுக்குத்தான் லீவு இல்ல. வெள்ளனே எந்திரிச்சு வீடு வீடாச் சுத்துது.”

பாதி வீடு சரி என்கிறது. கால்வாசி யோசிக்கிறது. மீதி கதவே திறக்கவில்லை. கதவைத் திறக்காதவர்களில் என்னிடம் எந்தச் செல்வராசு என்று சிரித்த பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். அவர் வீட்டில் இப்போது நிற்பது நான்காவது ஆளாம்.

நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

“கூப்பிட்ட பேருக்கு எந்திரிக்கிறதுதான சார் பழக்கம்.” வைத்துவிட்டான்.

21 அக்., ஞாயிறு

பூஜை விடுமுறை, பேப்பர் இல்லை. நல்ல மழை. மலை ரோட்டில் ஓரிடத்தில் மண் சரிவு; ஒரு பக்கமாக வண்டி விடுகிறார்கள். ஆதாரம்: டவுன் பஸ் கண்டக்டர்.

கஸ்தூரி மாலையில் வந்து சேர்ந்தார். வாந்தி எடுத்துக் களைத்த முகம். தங்கம் ரசம் சாதம் போட்டாள். பையில் இரண்டு கணக்கு. ஆள் வாரியாகப் போட்டது, கொடுக்கப் போவதில்லை. வீடு வாரியாகப் போட்டது, பாதி வீடுகளை மட்டும் வைத்து. “பாதிக்கே பேசுது சார்” என்றார். சொன்ன வீடுகள் மட்டும் நோய் கண்ட வீடுகளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று உடனே கவலைப்படவும் தொடங்கிவிட்டார். பஸ் ஏறியவர்களை மட்டும் கேட்டது போல ஆகிவிடும் என்றேன். தங்கம் சிரித்தாள்.

வெள்ளகவிக்காரர் வந்துவிட்டார். கணக்கப்பிள்ளை லாட்ஜ் வாசலில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். புதுச் சட்டை, மடிப்புக் கலையாதது. பீடி பற்ற வைத்த கை அசையவே இல்லை. நான் யாரென்று தெரியாமல் என்னிடமே கேட்டார்: “ஏங்க, நான் எந்த வருசம் வேலைக்குச் சேந்தேன்னு சொல்லணும்?” மேனேஜரைக் கேளுங்கள் என்றேன்.

ராசம்மா சொல்லி அனுப்பியது: நாளை முதல் பஸ்ஸில், வருகிற வீடுகளோடு. எத்தனை வீடு என்று சொல்லவில்லை. ரவீந்திரன் யாரோடு வருகிறான் என்றும் சொல்லவில்லை. எஸ்டேட் ஜீப் ஒன்றும் வருகிறது.

செய்தியை எழுதி வைத்துவிட்டேன், முதல் வரி மட்டும் பாக்கி.

நிலுவை: முதல் சாட்சி செல்வராஜ் என்று டவாலி கூப்பிடும்போது எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்.

தெரிவது: நாளை, பதினொரு மணிக்கு மேல்.